கூலி: உழைப்பின் விலை ஆளின் பெயரான வரலாறு

மொரிஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயியில், துறைமுக நீர் ஒருகாலத்தில் வந்து மோதிய இடத்தில், கருங்கல்லாலான 16 படிகள் இன்றும் நிற்கின்றன. கல்கத்தா, மதராஸ், பம்பாய் ஆகிய துறைமுகங்களில் கப்பலேறி, வாரக்கணக்கில் கடலில் கிடந்து வந்தவர்கள், கையில் ஒரு மூட்டையுடன் இந்தப் படிகளில் ஏறி, மேலிருந்த குடியேற்றக் கூடத்தில் பெயரும் ஊரும் வயதும் பதியப்பெற்று, தமக்கென ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்டு, அங்கிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 1834இல் தொடங்கி 1920 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் ஒப்பந்த உழைப்புக்காக இத்தீவில் இறக்கப்பட்டனர். அவர்கள் ஏறிய துறைக்கு வெகுகாலம் வழங்கிய பெயர் ‘கூலி காட்’, அதாவது கூலித் துறை. மொரிஷியஸ் அரசு 1987இல் அப்பெயரை நீக்கி, குடியேறிகளின் துறை என்று பொருள்படும் ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயரைச் சூட்டியது. 2006இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ஒரு நாடு தன் முன்னோரின் நினைவிடத்திலிருந்து அகற்ற வேண்டியிருந்த அதே சொல், தமிழில் திருக்குறளின் 619ஆம் குறளில் மிகுந்த மதிப்புடன் அமர்ந்திருக்கிறது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வரும் அக்குறள், தெய்வமே கைவிட்டாலும் ஒருவரின் முயற்சி, அவர் உடல் வருந்திய வருத்தத்துக்குரிய கூலியைத் தந்தே தீரும் என்கிறது. ரஜினிகாந்த் நடித்து 2025 ஆகஸ்டில் வெளிவந்த திரைப்படத்துக்கும், அமிதாப் பச்சன் நடித்து 1983இல் வெளிவந்த திரைப்படத்துக்கும் இதுவே தலைப்பு. வள்ளுவர் உழைப்பின் பலனுக்கு வைத்த சொல் எவ்வாறு ஐரோப்பியச் சட்டங்களில் ஒரு மனித இனத்தின் பெயராயிற்று, சீனத்தில் எவ்வாறு கசப்பாயிற்று, தென்னாப்பிரிக்காவில் எவ்வாறு வசையாயிற்று என்பது, தமிழிலிருந்து உலகுக்குச் சென்ற சொற்களின் வரலாற்றிலேயே மிகத் துயரமான பகுதி.

தானியத்தோடு தொடங்கிய சொல்

கூலி என்பது தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளில் வேலைக்குக் கொடுக்கப்படும் பொருளையே முதற்பொருளாகக் குறிக்கிறது. தேவநேயப் பாவாணர் உள்ளிட்ட வேர்ச்சொல் ஆய்வாளர்கள் இதைத் தானியத்தைக் குறிக்கும் ‘கூலம்’ என்ற சொல்லோடு இணைத்து, உழைத்தவருக்குத் தானியமாக அளந்து கொடுத்ததே கூலி எனப்பட்டது என்று விளக்குவர். சிலப்பதிகாரம் காட்டும் மதுரையில் கூல வீதி உண்டு. மணிமேகலையின் ஆசிரியர் கூலவாணிகன் சாத்தனார் என்றே அறியப்படுகிறார். இந்த வேர் விளக்கம் ஐயமின்றி நிறுவப்பட்டது என்று கூற இயலாது. எனினும், அறுவடைக் களத்தில் நெல்லாகவே கூலி அளக்கும் வழக்கம் அண்மைக் காலம்வரை காவிரிப் படுகையில் நீடித்ததை நினைத்தால், அதைப் புறந்தள்ளவும் இயலாது.

இங்கே இலக்கண நுட்பம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் வேலை செய்பவரைக் குறிக்க வேண்டுமானால், கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி என்று இன்னொரு சொல்லையோ விகுதியையோ சேர்த்தாக வேண்டும். வெறுமனே ‘கூலி’ என்றால் அது அவருக்குச் சேர வேண்டிய தொகை. ஆளுக்கும் அவருக்குரிய தொகைக்கும் இடையே மொழி ஒரு வேலி கட்டி வைத்திருந்தது. அந்த வேலி உடைந்ததே இச்சொல்லின் பிற்கால வரலாறு முழுவதும்.

பெட்டிச் செய்தி: கூலி சேர்ந்த சொற்கள்

நகைக்கடையில் தங்கத்தின் விலையோடு சேதாரத்தையும் செய்கூலியையும் கூட்டுகிறார்கள். வீட்டு வாடகைக்குப் பழைய பெயர் குடிக்கூலி. வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, நாட்கூலி என்ற சொற்கள் அன்றாட வழக்கில் உள்ளன. கைக்கூலி, கூலிப்படை ஆகிய இரண்டில் மட்டுமே பொருள் திரிந்து பழிப்பாகிறது. தமிழ் முஸ்லிம்களின் சமய வழக்கில் இறைவன் நற்செயலுக்கு வழங்கும் பலன் ‘நற்கூலி’. இச்சொல் அடையக்கூடிய மிக உயர்ந்த இடம் அதுவே.

சிங்களத்தில் ‘குலிய’ என்றால் வாடகை. இலங்கை வீடுகளின் வாசலில் தொங்கும் ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற சிங்கள அறிவிப்பில் இச்சொல்லே இருக்கிறது. கேரளத்தில், சுமையைத் தொடாமலேயே பார்த்து நின்றதற்காகச் சுமைதொழிலாளர் கேட்கும் பணம் ‘நோக்குகூலி’ எனப்பட்டது. கேரள அரசு 2018 மே 1 முதல் அதைத் தடை செய்தது. கூளி என்னும் சொல் வேறு: அது பேயைக் குறிப்பது, ளகர லகர வேறுபாடு அங்கே பொருளையே மாற்றிவிடுகிறது.

மூவகைப் பிறப்புக் கதைகள்

ஐரோப்பிய மொழிகளுக்கு இச்சொல் எங்கிருந்து சென்றது என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம், குஜராத், கொங்கணக் கரைகளில் வாழும் கோலி என்ற சமூகத்தின் பெயரே சுமைதூக்குவோருக்குப் பொதுப்பெயரானது என்ற கருத்தை முன்வைத்து, தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவற்றில் கூலியைக் குறிக்கும் சொல்லையும் உடன் குறிப்பிடுகிறது. அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்ற துருக்கியச் சொல்லும் மூன்றாவதாக எண்ணப்படுகிறது. ஐதராபாத் நகரை நிறுவிய முகமது குலி குதுப் ஷாவின் பெயரில் உள்ள ‘குலி’ அந்தத் துருக்கிய வேரினதே. ‘இன்னாரின் அடியவர்’ என்று பொருள்படும் அச்சொல் அரசர்களின் பெயரில் பெருமையாக ஒட்டியிருந்தது.

இம்மூன்றும் ஒன்றையொன்று விலக்குபவை என்று கொள்ள வேண்டியதில்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவின் இரு கரைகளிலும் வாணிகம் செய்த போர்ச்சுகீசியரும் அவர்களுக்குப் பின்வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும், மேற்குக் கரையில் ஒரு சமூகத்தின் பெயராகவும் தெற்கில் ஒரு தொகையின் பெயராகவும் ஒலித்த சொற்களைக் கேட்டு, இரண்டையும் ஒன்றாகக் கலந்து பயன்படுத்தியிருக்கலாம். டச்சுச் சமூகவியலாளர் யான் பிரேமனும், இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் இ. வாலண்டைன் டேனியலும் 1992இல் இணைந்து எழுதிய ஆய்வில், தமிழின் ‘கூலி’ ஆங்கிலத்தின் ‘கூலி’ ஆனபோது, உழைத்த மனிதர் அவருக்குக் கொடுக்கப்பட்ட தொகைக்குள்ளேயே கரைந்து மறைந்தார் என்ற கருத்தை முன்வைத்தனர். பிறப்பிடம் எதுவாயினும், நேர்ந்த தீங்கை இதைவிடத் துல்லியமாகக் கூறிய விளக்கம் வேறில்லை.

ஆளைக் குறித்தபின் நேர்ந்தவை

பிரிட்டிஷ் பேரரசு 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியபின், கரும்புத் தோட்ட முதலாளிகள் மலிவான உழைப்பைத் தேடி இந்தியாவை நோக்கினர். 1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ கப்பல் 36 தொழிலாளர்களுடன் மொரிஷியஸை அடைந்தது. 1838 மே 5 அன்று பிரிட்டிஷ் கயானாவில் முதல் கப்பல்கள் கரைதொட்டன. 1845இல் டிரினிடாட், 1860இல் நேட்டால், 1873இல் டச்சு ஆளுகையிலிருந்த சூரினாம், 1879இல் பிஜி என்று பட்டியல் நீண்டது. வழக்கமாக ஐந்து ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துச் சென்ற இவர்களை, அந்த ஒப்பந்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகிய ‘கிர்மிட்’ என்ற சொல்லை வைத்துக் ‘கிர்மிட்டியர்’ என்று வட இந்தியர் அழைத்தனர். ஆட்சியாளரின் ஏடுகளிலோ அவர்கள் அனைவரும் ‘கூலிகள்’.

இந்தப் பெயர் வைத்தலில் ஒரு கொடிய முரண் இருந்தது. பெயராக வந்த கூலி, கையில் வர வேண்டிய இடத்தில் குறைக்கப்பட்டது. மொரிஷியஸில் ஒரு நாள் வேலைக்கு வராதவருக்கு இரண்டு நாள் ஊதியத்தைப் பிடித்தம் செய்யும் ‘இரட்டை வெட்டு’ முறை நடைமுறையில் இருந்தது. நோயுற்றுப் படுத்தவரும் அதற்குத் தப்பவில்லை. நேட்டாலில் முதல் ஆண்டு ஊதியம் மாதம் 10 ஷில்லிங், அதன்பின் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு என்பது ஒப்பந்தம். இந்தியாவுக்குள்ளும் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு விலகுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வேலை கொடுப்பவருக்கும் செய்பவருக்கும் இடையிலான பணத் தகராறு, ஒரு தரப்புக்கு மட்டும் சிறைத்தண்டனை தரும் குற்றமாயிற்று.

1912இல் கோபால கிருஷ்ண கோகலே ஒப்பந்த முறையை ஒழிக்கக் கோரி மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. முதல் உலகப் போரின் நடுவே 1917இல் ஆட்களை அனுப்புவது நிறுத்தப்பட்டு, 1920இல் எஞ்சிய ஒப்பந்தங்களும் விலக்கப்பட்டன.

கசப்பும் வலிமையும்: சீனத்தின் எழுத்துகளில்

சீன மொழியில் இச்சொல் ‘குலி’ என்று ஒலிக்கிறது; அதை எழுத அவர்கள் தேர்ந்துகொண்ட இரண்டு எழுத்துகளில் முதலாவதற்குக் கசப்பு, துன்பம் என்றும், இரண்டாவதற்கு வலிமை என்றும் பொருள். அயல்மொழிச் சொல்லின் ஒலியையும் தமக்குத் தோன்றும் பொருளையும் ஒருசேரப் பொருத்தும் வகையில் எழுத்துகளைத் தேர்வது சீனத்தில் வழக்கம். இச்சொல்லில் அப்பொருத்தம் திகைக்க வைக்கும் அளவுக்கு அமைந்துவிட்டது. உடல் வருந்திய வருத்தத்தைக் கூலியோடு சேர்த்துச் சொன்ன குறளும், கசப்பையும் வலிமையையும் இணைத்து எழுதிய சீனமும் தொடர்பே இல்லாமல் ஒரே உண்மையைத் தொட்டிருக்கின்றன. ஆனால் குறளில் வருத்தத்துக்குப் பின் பலன் இருக்கிறது. சீன எழுத்துகளில் பலனுக்கு இடமே இல்லை.

அதற்குக் காரணமும் இருந்தது. 1847 முதல் 1874 வரை ஏறத்தாழ 1,25,000 சீனர்கள் எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பெருவின் தோட்டங்களுக்கும், கடற்பறவை எச்சத்தை உரமாக வெட்டியெடுத்த சிஞ்சா தீவுகளுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். தென்சீன மக்கள் இந்த ஆள்பிடிப்பைப் ‘பன்றிக்குட்டி விற்பனை’ என்றனர். 1874இல் சீன அரசு கியூபாவுக்கு அனுப்பிய விசாரணைக் குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வாக்குமூலங்களை எழுத்தில் பதிந்தது. ஏமாற்றியும் கடத்தியும் கப்பலேற்றப்பட்டதாகச் சொன்னவர்களே அவர்களில் மிகப் பெரும்பாலோர். அதே ஆண்டில் மக்காவ் துறைமுகத்தின் வழி நடந்த இந்த வாணிகம் நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் 1862 பிப்ரவரியில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டம், ‘கூலி வாணிகத்தில்’ அமெரிக்கக் கப்பல்கள் ஈடுபடுவதைத் தடுத்தது. அடிமைத்தனத்தை எதிர்க்கும் நோக்கு அதில் இருந்தபோதிலும், அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் ‘கூலி எதிர்ப்பு’ என்ற பெயரில் சீனர்கள்மீது மாத வரி விதித்தது. வாணிகத்தின்மீது இருக்க வேண்டிய வெறுப்பு அவ்வாணிகத்தில் விற்கப்பட்டவர்கள்மீதே திரும்பியது. பெயர் ஆளின்மீது ஒட்டிக்கொண்டால் எளிதில் நேர்வது அது.

பெட்டிச் செய்தி: தென்கிழக்காசியாவில்

மலாய், இந்தோனேசிய மொழிகளில் ‘குலி’ இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. சுமத்ராவின் டெலி பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்காக டச்சு ஆட்சி 1880இல் இயற்றிய ‘கூலி ஆணை’, வேலையை மறுத்தவருக்குத் தண்டனை வழங்க வழிசெய்தது. இன்றைய இந்தோனேசியாவில் கட்டடத் தொழிலாளி ‘குலி பாங்குனான்’. பத்திரிகையாளர் தம்மையே ‘குலி திந்தா’, அதாவது மைக் கூலி என்று சொல்லிக்கொள்வர். உணவகங்களில் தட்டு நிறையப் பரிமாறும் அளவுக்குக் ‘கூலி அளவு’ என்று பெயர். வியட்நாம், தாய் மொழிகளிலும் சிறு ஒலிமாற்றத்துடன் இச்சொல் உண்டு.

‘சாமி’யும் கூலியும்

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் நேட்டாலுக்கு வந்த 1,52,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். ஒப்பந்தமின்றிச் சொந்தச் செலவில் வந்த வணிகரையும் எழுத்தரையும் ஆசிரியரையும் வெள்ளையர் கூலி என்றே அழைத்தனர்; 1893இல் அங்கே சென்ற காந்தி ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். டிரான்ஸ்வாலின் 1885ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம், ஆசியாவின் பூர்வகுடி இனத்தவரை வரையறுக்கையில் ‘கூலிகள் எனப்படுவோர்’ என்ற பிரிவையே எழுதி வைத்தது. உழைப்புக்கான தொகையைக் குறித்த சொல், நிலம் வாங்கும் உரிமையும் குடியுரிமையும் மறுக்கப்படுவதற்கான சட்டக் காரணமாக மாறிய இடம் இது.

காந்தி தம் தன்வரலாற்றில் இச்சொல்லை விளக்கும்போது, உடன் வழங்கிய ‘சாமி’ என்ற இன்னொரு பெயரையும் எடுத்துக்கொள்கிறார். தமிழர் பெயர்கள் பலவற்றின் இறுதியில் ராமசாமி, முத்துசாமி என்று வருவதைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் அனைவரையும் ‘சாமி’ என்று இழிவாக விளித்தனர். சாமி என்றால் எசமானர் என்று பொருள், உமக்கு யாம் எசமானர் அல்லவே என்று சில இந்தியர் திருப்பிக் கேட்டதையும் அவர் பதிகிறார். 1894இல் எசமானரால் அடிக்கப்பட்டு, பற்கள் உடைந்து, வாயில் குருதியுடன், தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, இத்தகைய சட்டங்களுக்கு எதிரான போராட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளரின் முகமானார்.

துண்டு, கங்காணி, ‘கூலித் தமிழ்’

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற தமிழர்கள் கங்காணி முறையில் திரட்டப்பட்டனர். ஊரிலிருந்து ஆள் சேர்த்து வரும் கங்காணியே முன்பணம் கொடுத்தவர்; வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்திலிருந்து தனிக்காசு பெற்றவரும் அவரே. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு, அத்தொகையைச் செலுத்தும் வேறொரு தோட்டத்துக்கு அவர் மாற்றப்படுவதற்கான ஆவணம். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, உழைத்துப் பெற வேண்டிய தொகைக்குப் பதிலாக, தீராத கடன் ஒன்றே அவர் கையோடு பயணம் செய்தது.

தொழிலாளரை வேலை வாங்க வேண்டிய ஆங்கிலேயத் துரைகளுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கூலித் தமிழ்’ என்ற பெயரிலேயே கையேடுகள் அச்சிடப்பட்டன. அம்மொழி பெரும்பாலும் ஏவலின் மொழி: போ, வா, வெட்டு, கொழுந்தை நிறு. இத்தகைய நூல்களையும் மலையகத்தின் தொடக்ககால எழுத்துகளையும் தேடியெடுத்து ஆராய்ந்த மு. நித்தியானந்தன், தம் நூலுக்குக் ‘கூலித் தமிழ்’ என்றே பெயரிட்டதில் ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. ஒரு மக்கள்கூட்டத்தின் மொழிக்கே கூலி என்ற அடை வைக்கப்பட்டதன் தொடர்ச்சியாகவே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆக்கப்பட்டதையும், 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டதையும் காண வேண்டும். அவர்கள் இன்று தம்மை மலையகத் தமிழர் என்று அழைத்துக்கொள்கின்றனர். தோட்டத்தின் பெயராலும் தொழிலின் பெயராலும் அன்றி, தாம் வாழும் மண்ணின் பெயரால்.

இழிசொல்லைக் கையிலெடுத்தவர்கள்

முல்க் ராஜ் ஆனந்த் 1936இல் ‘கூலி’ என்ற பெயரில் ஆங்கில நாவல் எழுதி, மலைக்கிராமத்துச் சிறுவன் ஒருவனின் உழைப்பையும் சாவையும் அச்சொல்லின் பின்னே நிறுத்தினார். மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுலி 1992இல், ஆப்பிரிக்க வம்சாவளியினர் கறுப்பு என்ற சொல்லைப் பெருமையாக்கியதை ஒட்டி, ‘கூலித்துவம்’ என்ற கருத்தை முன்வைத்தார். கடல் கடந்த பல இன உழைப்பாளரின் கலப்பையும் நினைவையும் அது குறித்தது. கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவிலிருந்து தனியே கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியின் தடத்தைத் தேடி 2013இல் வெளியிட்ட நூலின் தலைப்பு ‘கூலிப் பெண்’. தென்னாப்பிரிக்காவிலும் கரீபியன் நாடுகளிலும் பிறர் வாயில் வசையாகவே இன்றும் ஒலிக்கும் சொல்லை வழித்தோன்றல்கள் தாமே எடுத்து ஆள்வது, அச்சொல்லால் அடிபட்டவர்களுக்கு மட்டுமே உரிய உரிமை.

வீடு திரும்பிய சொல்

தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக நிற்கும் சுமைதொழிலாளரைக் ‘கூலி’ என்று கூப்பிடும் வழக்கம், ஆங்கிலமும் இந்தியும் கொண்டுபோய்த் திரித்த பொருளைத் தமிழ் திரும்பக் கடன் வாங்கியதன் விளைவு. 2016 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் இவர்களைச் ‘சகாயக்’, அதாவது உதவியாளர் என்று அழைக்க முடிவு செய்யப்பட்டது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும் மாதச் சம்பளமின்றி, பயணி தரும் தொகையையே நம்பி நிற்கும் நிலை பெயரோடு மாறிவிடவில்லை.

அதே தமிழ்நாட்டில் இச்சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. தஞ்சையின் கிழக்குப் பகுதியில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு நெல்லாகத் தரப்படும் கூலியை உயர்த்தக் கேட்டபோது, அது நிலவுடைமையாளரின் சினத்தைக் கிளறியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித் மக்கள், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக, எரித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் 1969இல் அப்பகுதி விவசாயத் தொழிலாளருக்கான நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. உலகெங்கும் கூலி என்ற சொல் ஆளை இழிவுபடுத்திக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், கீழத்தஞ்சையின் தொழிலாளர்கள் அதை அதன் பழைய பொருளில், தமக்குச் சேர வேண்டியது என்ற பொருளில், உயிரைக் கொடுத்துக் கேட்டனர்.

தமிழ்ப் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் இன்றும் ‘இந்தியர்கள் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர்’ என்ற தொடர் எழுதப்படுகிறது. எழுதுவோரும் ஆசிரியர்களும் அந்த இடங்களில் ‘ஒப்பந்தத் தொழிலாளர்கள்’ என்று எழுத வேண்டும். கூலி என்ற சொல்லை, அத்தொழிலாளர்களுக்கு அளிக்கப்படாமல் போனதைக் குறிப்பதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்.